பை 4-இல் டாட்நெட்: யூநேம் சொன்னதை நம்பியதால் போன ஒரு நாள்

கம்பைல் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. விஷுவல் ஸ்டூடியோ கிடையாது. மடிக்கணினி டெர்மினலில் டாட்நெட் 8 எஸ்டிகே (மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவித்தொகுப்பு), ஒரு சி ஷார்ப் புராஜெக்ட், ‘டாட்நெட் பப்ளிஷ் -ஆர் லினக்ஸ்-ஆர்ம்64’ (-ஆர் என்பது எந்த வகைக் கணினிக்கு என்று சொல்வது). அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினிக்கு அனுப்பி, சிஹெச்மோடால் இயக்க அனுமதி கொடுத்து ஓட்டினால் ஒரே வரி: ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. எல்எஸ் அடித்தால் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது!

இந்தச் செய்தி நம் ஃபைலைப் பற்றியதே அல்ல. லினக்ஸில் பெரும்பாலும் ஒவ்வொரு இயங்கு ஃபைலும் தன்னை ஏற்றிவிட எந்த லோடர் வேண்டும் என்று தலைப்பகுதியில் எழுதி வைத்திருக்கும். அந்த லோடர் பையின் எஸ்டி கார்டில் இல்லாவிட்டாலும், கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் இதே வரியைத்தான் காட்டும். பாஷ் 5.2-இலிருந்து ‘ரிக்வயர்ட் ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று கொஞ்சம் தெளிவாக வருகிறது. என் கார்டில் இருந்தது ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புல்ஸ்ஐ பதிப்பு, அதாவது பழைய பாஷ்.

கணினியின் வகையைச் சொல்லும் யூநேம் -எம் கட்டளை ‘ஏஆர்ச்64’, அதாவது 64-பிட் ஆர்ம், என்றது. அதை நம்பித்தான் ஆர்ம்64 போட்டேன். அங்கேதான் தப்பு. 2023-இல் வந்த ஃபர்ம்வேர் மாற்றத்துக்குப் பிறகு, 32-பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போட்டிருந்தாலும் பை 4 தானாகவே 64-பிட் கெர்னலில்தான் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) பூட் ஆகும். யூநேம் சொல்வது கெர்னலை மட்டும். மேலே இருக்கும் லைப்ரரிகள் எல்லாம் 32-பிட். கேட்க வேண்டிய கேள்வி ‘டிபிகேஜி --பிரின்ட்-ஆர்கிடெக்சர்’. ‘ஆர்ம்ஹெச்எஃப்’ (32-பிட்) என்று வந்தால் -ஆர் லினக்ஸ்-ஆர்ம், ‘ஆர்ம்64’ என்று வந்தால் லினக்ஸ்-ஆர்ம்64. கெட்கான்ஃப் லாங்_பிட் கொடுத்தால் 32 அல்லது 64 என்று ஒரே எண்ணில் பதில் கிடைக்கும். கம்பைல் செய்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள், பின்னால் அல்ல.

லினக்ஸ்-ஆர்ம் என்று மாற்றியதும் அடுத்த முட்டுக்கட்டை: டாட்நெட்டை நிறுவச் சொல்லி நின்றுவிட்டது. பழைய ஸ்கிரிப்ட்டில் -ஆர் மட்டும் போட்டால் ரன்டைமும் (நிரல் ஓடத் தேவையான டாட்நெட் பகுதி) சேர்ந்தே வரும். டாட்நெட் 8-ஐக் குறிவைத்தால் அப்படி வராது. ‘--செல்ஃப்-கன்டெய்ன்ட் ட்ரூ’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதினேன், ஓடியது. கோப்புறை சுமார் 70 எம்பி.

அந்த அளவைக் குறைக்க, பயன்படாத பகுதிகளை வெட்டும் ட்ரிம்மிங் போட்டதும் சிறிய கோப்புறை கிடைத்தது, ஆனால் ஜேசன் வடிவத் தரவைப் படிக்கும் இடத்தில் நிரல் விழுந்தது. ட்ரிம் செய்தால் ஜேசன் சீரியலைசரின் ரிஃப்ளெக்‌ஷன் வழி (இயங்கும்போதே வகுப்புகளை ஆராய்ந்து படிக்கும் முறை) தானாகவே அணைந்துவிடும். ‘ஐஎல்2026’ என்ற எச்சரிக்கை கம்பைலிலேயே வந்திருக்கிறது. நூறு வரிகளுக்கு நடுவே அதைக் கவனிக்கவில்லை. ஜேசன்சீரியலைசர்கான்டெக்ஸ்ட் வகுப்பு ஒன்றை எழுதி, அந்த வேலையைக் கம்பைலிலேயே முடிக்கும் சோர்ஸ் ஜெனரேட்டர் வழிக்கு மாறியதும் சரியானது. ட்ரிம் எச்சரிக்கை ஒன்று மிச்சமிருந்தாலும் கார்டுக்கு அனுப்பாதீர்கள். 

சீரியல் போர்ட் பயன்படுத்துவோருக்கு: சிஸ்டம் ஐஓ போர்ட்ஸ் பேக்கேஜுக்குத் துணையாக ஒரு நேட்டிவ் ‘.எஸ்ஓ’ ஃபைல் (லினக்ஸ் லைப்ரரி) உண்டு. சிங்கிள்-ஃபைல் பப்ளிஷ் செய்தாலும் அது தனியாகப் பக்கத்தில்தான் விழும். முதன்மை ஃபைலை மட்டும் காப்பி செய்தால், போர்ட்டைத் திறக்கும் நொடியில் டிஎல்எல் கிடைக்கவில்லை என்ற எக்ஸெப்ஷன் வரும். பப்ளிஷ் கோப்புறையை முழுதாக ஆர்சிங்க் கட்டளையால் காப்பி செய்வதே நல்லது. பயனரை, சீரியல் போர்ட்டுக்கு அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்த்தபின் வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும்.

பழைய பை ஸீரோவை வைத்துக்கொண்டு இதையெல்லாம் முயல வேண்டாம். அதன் சிப் ஆர்ம்வி6 என்ற பழைய வகை. டாட்நெட் 8 அதற்குக் கிடையாது, எந்த -ஆர் போட்டாலும் பயனில்லை. அதில் சி ஷார்ப் நிரல்களை ஓட்டும் மாற்று ரன்டைமான மோனோ ஓடும். பை ஸீரோ 2 டபிள்யூ வேறு சிப், அதில் சிக்கல் இல்லை.