அரை முகமூடி, ஓர் ஈ, ஒரு மதிப்பெண் படிவம்

நாடக வகுப்பு எடுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எந்த வகுப்புக்குப் போனாலும் வாயாடி ஒருவன் இருப்பான். கணக்கு ஆசிரியர் கண்ணாடி துடைப்பதையும் தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமுவதையும் அச்சு அசலாகச் செய்து காட்டுவான். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். நாடகத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று புது ஆசிரியர்கள் சந்தோஷப்படுவார்கள். முகமூடி நகைச்சுவைப் பாடம் தொடங்கும்போதுதான் தெரியும், எல்லோரையும் விட அதிகமாகத் திணறப்போவது அவன்தான் என்று. ஒன்பதாம் வகுப்பில் எனக்கு வாய்த்த அப்படி ஒருவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாடம், கொம்மெடியா தெல்லார்த்தே. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஊர் ஊராகச் சுற்றிய தொழில்முறைக் குழுக்களின் முகமூடி நகைச்சுவை. முதல் வகுப்பில் முகமூடியை நான் கண்ணிலேயே காட்டுவதில்லை. ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவேன். 1545 பிப்ரவரியில் பாதுவா நகரத்தில் எட்டு ஆண்கள் சேர்ந்து ஒரு நடிப்புக் குழுவாக இயங்க எழுதிக்கொண்ட பத்திரம் அது. சாமான் சுமக்கப் பொதுப் பணத்தில் ஒரு குதிரை வாங்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் பொதுப் பணத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தங்களுக்குள் சீட்டாடக்கூடாது, சாப்பாட்டுப் பொருளைப் பந்தயமாக வைத்தால் மட்டும் ஆடலாம். கடைசி விதிக்கு வகுப்பு எப்போதும் சிரிக்கும். பரவாயில்லை, எனக்கு வேண்டியது வேறு. வசனம் எழுதாமல் நடிப்பது என்றால் கூத்தடிப்பது என்று நினைத்து வருகிறவர்களுக்கு, இது வயிற்றுப்பாட்டுக்காகக் கணக்கு வழக்கோடு செய்யப்பட்ட வேலை என்று முதலில் உறைக்க வேண்டும்.

அந்தக் குழுக்களிடம் முழு வசனப் பிரதி கிடையாது. யார் எப்போது வருகிறார், எதற்காக வருகிறார், என்ன சிக்கல், எப்படித் தீர்கிறது என்ற கதைச் சுருக்கம் மட்டும் உண்டு. அதை மேடைக்குப் பின்னால் மாட்டிவைத்திருப்பார்கள். பிளாமினியோ ஸ்காலா என்பவர் 1611-இல் அப்படிப்பட்ட 50 சுருக்கங்களை அச்சிட்டு வெளியிட்டார். மற்றதெல்லாம் நடிகர் கையில். ஆனால் அந்தக் கை வெறுங்கையாக இருந்ததில்லை. காதலில் உருகும் பேச்சு, கோபத்தில் வைகிற பேச்சு, பொய்ச்சத்தியம், புலம்பல் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நோட்டில் சேர்த்துவைத்திருந்தார்கள். பலர் வாழ்நாள் முழுக்க ஒரே பாத்திரத்தைத்தான் நடித்தார்கள். இசபெல்லா அந்திரேயினி காதலியாக நடித்து ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். அவர் கணவர் பிரான்செஸ்கோ வீரம் பேசும் கோழைத் தளபதி. இங்கிலாந்தின் பொது மேடைகளில் சிறுவர்கள் பெண் வேடம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் குழுக்களில் பெண்களே நடித்தார்கள் என்று சொன்னால் மாணவிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நம்ம ஆளுக்கு இதிலெல்லாம் பொறுமை இல்லை. “முகமூடி எப்போ மிஸ்?” என்பதுதான் அவன் கேட்ட ஒரே கேள்வி.

எங்களிடம் இருப்பவை தோல் முகமூடிகள் அல்ல, காகிதக் கூழில் செய்து வர்ணம் பூசியவை. உள்ளே நெற்றியில் அழுத்தாமல் இருக்க ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. ஒருவர் கழற்றியதும் துடைத்துத்தான் அடுத்தவருக்குத் தர வேண்டும். துடைத்தாலும் வியர்வை வாடை போகாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான். நெற்றியிலிருந்து மேலுதடு வரை மூடும், வாய் திறந்திருக்கும். கஞ்ச வியாபாரி பாந்தலோனேவுக்கு வளைந்த மூக்கு. தளபதிக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு. எல்லாம் தெரிந்தவர் போல உளறும் டாக்டருக்கு நெற்றியும் மூக்கும் மட்டும் மூடும், கன்னம் வெளியே தெரியும். வேலைக்கார அர்லெக்கீனோவுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. காதலர்களுக்கு முகமூடியே கிடையாது. அழகான முகத்தை எதற்கு மூட வேண்டும் என்றுதான் நான் சொல்லிவைப்பேன்.

விதிகள் கொஞ்சம்தான். பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிய பிறகு கையால் அதைத் தொடக்கூடாது. நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு அரட்டை அடிக்கக்கூடாது. அப்புறம், கண்ணால் பார்க்கக்கூடாது, மூக்கால் பார்க்க வேண்டும். கடைசி விதி விளையாட்டுக்குச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். முகமூடியின் ஓட்டைக்குள் கருவிழி நகர்ந்தால் மூன்றாவது வரிசைக்குத் தெரியாது. மூக்கு திரும்பினால் கடைசி வரிசைக்கும் தெரியும்.

அவன் அர்லெக்கீனோவை மாட்டிக்கொண்டு திரும்பினான். வகுப்பு சிரிக்கத் தயாராக இருந்தது, முதல் நிமிடம் சிரிக்கவும் செய்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அவனுக்காக, அந்த வேலைக்காரனுக்காக அல்ல. அவனுடைய நகைச்சுவை முழுக்கப் புருவத்திலும் கன்னத்திலும் குடியிருந்தது. இரண்டும் இப்போது காகிதக் கூழுக்கு அடியில். சிரிப்பு குறையக் குறைய அவன் குரல் ஏறியது, பேச்சு வேகமானது. கைகள் மட்டும் தம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன, இடுப்புக்குக் கீழே உயிரே இல்லை. கடைசியில் விதியை மீறி முகமூடியை மேலே தூக்கி, “இதுல ஒண்ணுமே தெரியல மிஸ்” என்றான். அந்த ஓட்டை வழியாகப் பார்க்கிறவருக்கு அது உண்மை, எதிரே உட்கார்ந்திருந்த எங்களுக்கும் உண்மை.

அவனுக்கு மார்செல்லோ மொரெத்தியைப் பற்றிச் சொன்னேன். 1947-இல் மிலானின் பிக்கோலோ தியாத்ரோ அரங்கில் இயக்குநர் ஜோர்ஜியோ ஸ்த்ரேலர், பழைய இத்தாலிய நாடகாசிரியர் கோல்தோனியின் நாடகத்தை மேடையேற்றியபோது அர்லெக்கீனோவாக நடித்தவர். ஆரம்பத்தில் அவருக்கு முகமூடி ஒத்துவரவில்லை, முகத்தில் கறுப்பு மையால் வரைந்துகொண்டுதான் நடித்தார். பாதுவாவில் சிற்பி அம்லேத்தோ சர்த்தோரி தோல் முகமூடி செய்யும் பழைய முறையை மீட்டெடுத்து, அவர் முகத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தார். மொரெத்திக்குப் பிறகு அந்த வேடத்தை ஏற்ற பெர்ருச்சியோ சொலேரி 80 வயதைத் தாண்டியும் அர்லெக்கீனோ முகமூடிக்குள் குட்டிக்கரணம் போட்டார். “அப்போ எனக்கு இன்னும் டைம் இருக்கு” என்றான் பையன். இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்வதில் ஒரு வசதி, சோர்ந்து உட்காரமாட்டார்கள்.

கொம்மெடியா நடிகர்கள் கைவசம் வைத்திருந்த சின்னச் சின்ன வேடிக்கைத் துண்டுகளுக்கு லாட்ஸி என்று பெயர். கதை எங்கே தொய்ந்தாலும் ஒன்றை எடுத்துச் செருகலாம். அவற்றில் ஈ பிடிக்கும் துண்டு பிரபலமானது. பசியில் வாடும் வேலைக்காரன் ஓர் ஈயைப் பார்க்கிறான், பிடிக்கிறான், இறக்கையைப் பிய்க்கிறான், சாப்பிடுகிறான். அவ்வளவுதான். அதைத்தான் அவனுக்குக் கொடுத்தேன், பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு.

முதலில் செய்தபோது உதட்டால் ‘ஙொய்ய்’ என்று சத்தம் கொடுத்துக்கொண்டே கையை வீசினான். சத்தமும் வேண்டாம் என்றேன். அடுத்து வெறும் கை மட்டும் காற்றில் அலைந்தது. ஈ எங்கே என்று முன்வரிசைப் பெண்ணிடம் கேட்டேன். அவள் ஒரு பக்கம் காட்டினாள், பக்கத்தில் இருந்தவன் வேறு பக்கம் காட்டினான். சரி, ஈ எங்கே இருக்கிறது என்று முதலில் நீ முடிவு பண்ணு என்று அவனை நிறுத்தினேன்.

பிறகு துண்டு துண்டாகப் பிரித்தோம். ஈ வருவதற்கு முன் அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? எஜமானின் வாசலைக் கூட்டுகிறான். கூட்டும்போது ஈ காதருகே போகிறது. உடம்பு முழுக்க நிற்க வேண்டும், துடைப்பம் உட்பட. மூக்கு மட்டும் மெதுவாகத் திரும்ப வேண்டும். ஈ உட்காருகிறது. மூக்கு நிற்கிறது. இப்போது பார்வையாளர்களைப் பார்க்க வேண்டும், ‘நீங்களும் பார்த்தீர்களா’ என்று கேட்பது போல. மறுபடி ஈ. அதற்குப் பிறகுதான் கை. இந்த வரிசையில் ஒன்று இடம் மாறினாலும் ஈ செத்துவிடும், அதாவது யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும். அவனுக்குக் கை முந்திக்கொள்ளும். மூக்கு, நிறுத்தம், நாங்கள், மறுபடி மூக்கு, கை என்று நான் சொல்லச் சொல்லச் சலிக்காமல் செய்தான். இதில் சிரிப்பே வரவில்லையே என்று நடுநடுவே முணுமுணுத்தான்.

சிரிப்பு வந்தது, ஆனால் அவன் எதிர்பார்த்த இடத்தில் அல்ல. ஒரு நாள் பிடித்த ஈயை வாயில் போடப் போனவன், நிறுத்தி, அதைக் கொஞ்ச நேரம் மூக்கால் பார்த்தான். சாப்பிட மனமில்லாமல் அல்ல. இத்துனூண்டு இருக்கிறதே என்கிற ஏமாற்றம். முழங்கால் லேசாக மடங்கியது, தோள் இறங்கியது. முகமூடி அழுகிற மாதிரி இருந்தது. காகிதக் கூழ் எப்படி அழும் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது, சாய்வு மாறினால் நிழல் மாறும் என்ற அளவுக்குத்தான் தெரியும். வகுப்பு சத்தம் போட்டுச் சிரித்தது. ஜோக் எதுவும் இல்லை. ஒருவனுக்குப் பசி, அவனுக்குக் கிடைத்தது ஓர் ஈ. அந்தப் பசியை அவன் கிண்டல் பண்ணாமல் இருந்ததுதான் வேலை செய்தது.

பேச்சை மீண்டும் அனுமதித்தபோது பழைய வியாதி திரும்பியது. ஒரு மாணவி பாந்தலோனே, இவன் அவரிடம் கூலி கேட்க வேண்டும். எழுதிவைத்திருந்தது அவ்வளவே: ‘கேட்கிறான், கிடைக்கவில்லை’. இவன் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான், அவளுக்கு வாய் திறக்க இடமே இல்லை. இம்ப்ரோவைசேஷனில், அதாவது வசனம் எழுதாமல் நடிப்பதில், அதிகம் பேசுகிறவர்தான் கெட்டிக்காரர் என்ற நினைப்பு பெரியவர்களிடமும் உண்டு, நாடகக்காரர்களிடம் இன்னும் அதிகம். அந்தப் பெண்ணோ அதிகம் அலட்டிக்கொள்ளாதவள். அவன் பொழிந்துகொண்டிருக்கும்போதே இடுப்பில் வலப்பக்கம் தொங்கிய பணப்பையை எடுத்து இடப்பக்கம் மாட்டிக்கொண்டாள். அவன் பேச்சு பாதியில் நின்றது. மூக்கு பையோடு போனது. அவள் பையைத் திரும்ப வலப்பக்கம் கொண்டுவந்தாள். மூக்கும் வந்தது. இருவரும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். கதைச் சுருக்கத்தில் இல்லாத காட்சி அது, அன்றைக்குப் பிறந்து எங்கள் நோட்டில் ஏறிவிட்டது. ஈயோடு பட்ட பாடு இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பையை அவன் பார்த்திருக்கவே மாட்டான் என்பது என் கணிப்பு.

பழைய கதைகளில் பள்ளிக்கு ஆகாத ஆபாசமும் அடிதடியும் ஏராளம். ஆபாசத்தை விட்டுவிடலாம். அடியை விடுவது கஷ்டம், தாளமே அதில்தான் இருக்கிறது. அர்லெக்கீனோவின் கையில் இருக்கும் தட்டுக்கோல், இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைக் கைப்பிடியில் சேர்த்தது. லேசாகப் பட்டாலே ‘பட்’டென்று சத்தம் வரும். பக்கத்து வகுப்பில் இயற்பியல் தேர்வு நடந்த அன்று அந்தச் சத்தத்தால் வந்த பிரச்சினையை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

ஆண்டு விழா நெருங்கியதும் அலுவலகத்திலிருந்து பிரதி கேட்டார்கள். ஒரு பக்கம் கொடுத்தேன். “மீதி எங்கே?” என்றார்கள். இதுவும் பழைய கதைதான். 1583-இல் மிலானில் பேராயர் கார்லோ பொரோமேயோ, நடிகர்கள் கதைச் சுருக்கங்களை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். ஆனால் சிரிப்பும் வம்பும் சுருக்கத்தில் இருப்பதில்லையே. பேராயர் படித்துப் பார்த்து ஒப்புதல் தரலாம், மேடையில் தட்டுக்கோல் எந்தப் பக்கம் ஆடும் என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது. நான் இதையெல்லாம் சொல்லவில்லை. யார் மனமும் புண்படும்படி எதுவும் வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

விழாவில் ஈ துண்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் மூக்கு இடப்பக்கம் நின்றிருக்க, முன்வரிசையில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, “அங்கே போயிடுச்சு!” என்று வலப்பக்கம் கை காட்டிக் கத்தியது. அரங்கம் சிரித்தது. ஒத்திகை பார்த்த வரிசைப்படி அவன் இடப்பக்கம் கையை நீட்ட வேண்டும். அவன் அசையவில்லை. மூக்கு மெதுவாகக் குழந்தையின் விரல் நுனிக்கு வந்தது, அங்கிருந்து வலப்பக்கம் போனது, அங்கே ஈயைக் கண்டுபிடித்தது. பிடித்தான். இறக்கையைப் பிய்த்தான். வாயில் போடும் முன் குழந்தையைப் பார்த்து, உனக்கும் கொஞ்சம் வேண்டுமா என்பது போல விரலை நீட்டினான். குழந்தை அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த வாரம் மதிப்பெண் படிவம் வந்தது. எல்லா நாடகங்களுக்கும் அதே படிவம்தான்: வசன மனப்பாடம், உச்சரிப்பு, முகபாவனை. முகமூடி போட்டவனுக்கு முகபாவனையில் எவ்வளவு போடுவது? மனப்பாடத்துக்கு என்ன போடுவது, வசனமே இல்லாதபோது? மூன்று தலைப்புகளையும் அடித்துவிட்டு உடல், எதிராளியைக் கவனித்தல், பார்வையாளர்களைக் கவனித்தல் என்று பேனாவால் எழுதி, மதிப்பெண் போட்டு அனுப்பினேன். முதல் தலைப்பில் பணப்பைப் பெண்ணுக்கு அவனைவிடக் கூடுதல், அதற்கு அவன் சண்டைக்கு வந்தான். படிவத்தைப் பற்றி அலுவலகம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பி அனுப்பினால் நான் எழுதிய அதே மூன்றையும் டைப் அடித்துக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.