வருஷம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 போடாதீர்கள்: பழைய படங்களுக்குத் தேதி பதிந்த அனுபவம்

வடசென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு வீடுகளில் வாங்கி ஸ்கேன் செய்த படங்கள், கல்யாணப் பத்திரிகைகள், சங்க நோட்டீஸ்கள். இவற்றை டேட்டாபேஸில் ஏற்றும்போது தலைப்பு, இடம், கொடுத்தவர் விவரம் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். இழுத்தடிப்பது தேதிதான். படத்தின் பின்பக்கம் பென்சிலில் '1958' என்று மட்டும் இருக்கும். அதுவும் இல்லையென்றால், "சின்னவளுக்கு ஆறு நடக்கிறப்ப எடுத்தது" என்று வீட்டுப் பெரியவர் சொல்வதுதான் ஆதாரம்.

டேட் வகை ஃபீல்டு நாள், மாதம், வருஷம் மூன்றையும் கேட்கும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் 1958-00-00 என்பதை ஏற்காது. இன்னொரு மென்பொருளான மைஎஸ்கியூஎல் ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டது, 5.7 பதிப்பு வந்தபின், அமைப்பை மாற்றாமல் விட்டால் அதுவும் திருப்பி அனுப்பிவிடும். உடனே கை தானாக 1958-01-01 என்று அடிக்கும். அங்கேதான் பொய் உள்ளே நுழைகிறது. சரி, முதலில் எக்செல்லில் பதிந்துவிட்டு ஏற்றலாம் என்றால், தேதி வடிவம் கொடுத்த கட்டத்தில் 1958 என்று அடித்ததும் அது 11-5-1905 ஆகிவிடும். 1900 ஜனவரி 1இலிருந்து எண்ணி 1958ஆவது நாள் என்று அது எடுத்துக்கொள்கிறது. 7-1958 என்று அடித்தால் 1-7-1958. ஆகவே அடிக்கத் தொடங்கும் முன்பே அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றினால் 7-1958 என்று அடித்தது திரும்பாது.

கடைசியில் நின்றது ஐந்து ஃபீல்டுகள். முதலாவது, தாளில் உள்ளது உள்ளபடி, பிழையோடு. இதை யாரும் திருத்தக் கூடாது. இரண்டாவது, ஈடிடிஎஃப் (Extended Date/Time Format) குறியீடு. குறைத் தேதிகளுக்கென்றே வந்தது. 2019இல், தேதி எழுதும் முறைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601இன் இரண்டாம் பாகத்தில் சேர்ந்தது. 1958-07 என்றால் மாதம் வரை தெரியும், 1958~ என்றால் சுமார், 1958? என்றால் சந்தேகம். மூன்றாவதும் நான்காவதும் முன் எல்லை, பின் எல்லை: இதற்கு முன்னால் இருக்காது, இதற்குப் பின்னால் இருக்காது என்ற இரண்டு நாட்கள். இவை மட்டும் உண்மையான டேட் வகை. ஐந்தாவது, எதை வைத்து முடிவு செய்தோம் என்ற ஒரு வரி.

குறியீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு சாய்கோடு. 1957/1958 என்றால் அந்தக் காலம் முழுக்க நடந்தது என்று பொருள். அதற்குள் ஏதோ ஒரு நாள் எடுத்த படத்துக்கு [1957..1958] என்று சதுர அடைப்புக்குறி வேண்டும். 'ஆறு நடக்கிறது' என்றால் ஐந்து முடிந்தது என்று கணக்கு. பிள்ளை பிறந்தது மார்ச் 1952 என்றால் படம் [1957-03..1958-03]. ஆறை அப்படியே கூட்டினால் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

எல்லைகள் இரண்டும் தேடலுக்கு. 1957 முதல் 1959 வரை வேண்டுமென்றால், முன் எல்லை 31-12-1959க்குள்ளும் பின் எல்லை 1-1-1957க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். முன் எல்லையை மட்டும் பார்த்துத் தேடினால் '1950களில்' என்று பதிந்த படம் ஒன்றுகூட வராது. வரிசைக்கு முன் எல்லை ஏறுமுகம், பின் எல்லை இறங்குமுகம். வெறும் 1958 முதலில் வரும், ஜனவரி 1958 அடுத்து, 1-1-1958 அதற்கும் பிறகு.

கல்யாணப் பத்திரிகைகளில் தமிழ் வருஷம் தனிப் பாடு. 'விஜய வருஷம்' என்றால் 1893, 1953, 2013 மூன்றும் பொருந்தும். எந்தச் சுற்று என்பதைத் தாளும் அச்சும்தான் சொல்ல வேண்டும். சுற்று தெரிந்த பிறகும் வழுக்கும். விஜய ஆடி 1953இல் வரும். ஆனால் விஜய தை 1954. வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டுக்குப் போய்விடும். மார்கழி இரண்டிலும் கால் வைக்கும். பெயருக்கு நேராக ஒரே ஆண்டை எழுதிய பட்டியலை வைத்துப் பதிந்தால் தைக் கல்யாணம் எல்லாம் ஒரு வருஷம் முன்னால் நடந்துவிடும்.

தேதியே இல்லாத நோட்டீஸில் விலையைப் பாருங்கள். 'ந.பை.' இருந்தால் முன் எல்லை 1-4-1957. அன்றுதான் நயா பைசா வந்தது. 1964 ஜூனில் 'நயா' போனாலும் அச்சகத்தில் பழக்கம் போகாது, எனவே பின் எல்லைக்குக் குறியீட்டில் சந்தேகக்குறி. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 15-8-1972க்கு முன்னால் இல்லை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது என்று பழைய 'லை'யைப் பார்த்ததும் அதற்கு முன்னால் என்று முடிவு கட்டாதீர்கள். ஈய எழுத்தைக் காசு கொடுத்து வாங்கிய அச்சகக்காரர் அரசாணை வந்த மறுநாளே அதைக் கொட்டிவிட மாட்டார்.

காட்டும் இடத்தில் 'ஜூலை 1958', 'சுமார் 1958' என்று குறியீட்டிலிருந்துதான் எழுத வேண்டும், எல்லையிலிருந்து அல்ல. இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் இந்திய நேரப்படி 1958 ஜூலை 1 நள்ளிரவை யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் ஜூன் 30 ஆகிவிடும். நாளை மறைத்து மாதம் மட்டும் காட்டும் பக்கத்தில் படம் ஜூனில் நிற்கும். நேர மண்டலமே இல்லாத டேட் போதும்.

முன்பே ஜனவரி 1 போட்டுத் தொலைத்த பதிவுகளை ஒரே கட்டளையில் வருஷமாகச் சுருக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் புத்தாண்டுப் பூசை முடித்துப் புதுத்துணியோடு எடுத்த படங்கள் உண்டு. அவை நிஜமாகவே ஜனவரி 1. ஒவ்வொரு படத்தையும் எடுத்துப் பின்பக்கம் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.