கசெற்றின் கடைசி நிமிடங்கள்

1997இல் நான் பத்தாம் ஆண்டு. ஓகஸ்ட் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியபோது என் பெட்டிக்குள் 60 நிமிடக் கசெற் ஒன்று இருந்தது. லண்டன் மாமா ஊருக்கு வந்தவர்களிடம் பதிந்து கொடுத்தனுப்பியது. மேலே நீல மையில் 'ஹான்சன்' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றிரவே பக்கத்துக் கட்டில் நண்பனின் ரேப் ரெக்கோடரில் போட்டுக் கேட்டோம். பாடுவது ஒரு பெண்பிள்ளை என்றுதான் நினைத்தோம்.

ஹான்சன் என்பது அண்ணன் தம்பி மூன்று பேரின் பாட்டுக் குழு என்று பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரப் பிள்ளைகள். அந்த வருடம் மே 6ஆம் திகதி 'மிடில் ஒஃப் நோவேர்' என்ற அவர்களின் பாட்டுத் தொகுப்பு வெளிவந்தபோது கிற்றார் வாசித்த ஐசக்குக்கு 16 வயது, முன்னின்று பாடிய டெய்லருக்கு 14, டிரம்ஸ் அடித்த சாக்குக்கு 11. எங்கள் விடுதியில் என்றால் சாக் ஆறாம் ஆண்டுப் பிள்ளை! தகப்பனாரின் வேலையால் வெனிசுவேலா, ஈக்குவடோர், திரினிடாட் என்று சிறுவயதில் அலைந்தபோது, கையோடு கொண்டுபோன பழைய ரொக் அண்ட் ரோல் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

திடீர் வெற்றி என்று பலர் சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பெரிய கம்பனி ஒன்று வெளியிட்ட முதல் தொகுப்பு அதுதான் என்றாலும், அதற்கு முன்பே இரண்டு தொகுப்புகளைச் சொந்தமாக வெளியிட்டிருந்தார்கள். பல கம்பனிகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தன. உலகத்தையே ஆடவைத்த 'ம்ம்ம்பொப்' பாட்டுக்கூட 1996இல் கொஞ்சம் மெதுவான தாளத்தில் ஏற்கெனவே வந்ததுதான். புதிதாகப் பதிந்தபோது அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பிடித்தது. அடுத்த வருடம் மூன்று கிராமி இசை விருதுகளுக்கும் அவர்கள் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

அந்தப் பாட்டின் பல்லவிக்கு அர்த்தம் இல்லை. அதனால்தானோ என்னவோ, கிணற்றடியில் வாளியோடு வரிசையில் நிற்கும்போது எல்லோர் வாயிலும் அதுதான் வந்தது. சரணத்தை யாரும் கவனிக்கவில்லை. பல வருடம் கழித்து, லண்டனில் இரவு வேலை முடிந்து வரும் பேருந்தில் அதைக் கேட்டபோதுதான் சொற்கள் விளங்கின. வாழ்க்கையில் எத்தனையோ பேர் வந்தாலும் ஒன்றிரண்டு பேர்தான் நிலைப்பார்கள், நட்ட விதைகளில் எது முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது என்கிறது பாட்டு. சின்னப் பிள்ளைகள் எழுதிய பாட்டு! இறங்க வேண்டிய தரிப்பு தாண்டியும் உட்கார்ந்திருந்தேன்.

கசெற் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மிஞ்சியிருந்த சில நிமிடங்களில், வாளியில் தாளம் போட்டு நாங்கள் பாடியதைப் பதிந்து வைத்தோம். நான்கு குரல்கள் கேட்கின்றன. ஒன்று நான். ஒருவன் இப்போது ரொறன்ரோவில், ஒருவன் சிட்னியில். தாளம் தவறாமல் பாடும் நான்காவது குரல் யாருடையது என்று மூன்று பேருக்குமே நினைவில்லை. இதைப் படிப்பது நீயாக இருந்தால், பழைய மாணவர் சங்க முகவரிக்கு ஒரு வரி எழுது மச்சான்.