சேத்துல பாப்கேட் சறுக்குதா, டயரை கடைசியா பாருங்க

ஐப்பசி பொறந்துட்டாலே பால் பண்ணை வெச்சிருக்கறவங்ககிட்ட இருந்து எனக்கு ஒரே கேள்விதான் வருதுங்க, பாப்கேட் (முன்னால பக்கெட் வெச்சு சாணி, மண்ணு அள்ளற சின்ன வண்டி) சக்கரம் சேத்துல நின்ன எடத்துலயே சுத்துது, எந்த டயர் போடலாம்னு. டயர் பத்தி கண்டிப்பா சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி இந்த வண்டி எப்படி திரும்புதுன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க, ஏன்னா சேத்துல முக்காவாசி பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

நாம பாப்கேட்டுன்னு கூப்பிடற ஸ்கிட் ஸ்டீர் லோடர்ல டிராக்டர் மாதிரி முன் சக்கரம் திரும்பாது. எடது பக்கம் ரெண்டு சக்கரமும் ஒரே ஹைட்ராலிக் மோட்டார்ல செயின் மூலமா ஓடும், வலது பக்கம் ரெண்டும் இன்னொரு மோட்டார்ல. ஒரு பக்கத்தை மெதுவாக்கி இன்னொரு பக்கத்தை வேகமாக்கினா வண்டி திரும்பும். அப்போ நாலு டயரும் மண்ணை பக்கவாட்டுல இழுத்துட்டுத்தான் போகும், வேற வழியே இல்ல. சிமெண்ட் தரையில டயர் தேயும், காஞ்ச மண்ணுல புழுதி கெளம்பும், சேத்துல என்ன ஆகும்னா மேலாப்புல இருக்கற கெட்டி மண்ணை சீவி எடுத்துட்டு கீழ இருக்கற கொழகொழன்னு மண்ணை வெளிய கொண்டு வந்துடும். அடுத்த ட்ரிப் அதே எடத்துல வந்து திரும்பினா குழி, அதுக்கடுத்தது வண்டியோட வயிறு தட்டும்.

இந்த வண்டி பொறந்ததே பண்ணைக்காகத்தான். அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல ராத்சேன்னு ஒரு சின்ன ஊரு, அங்க கெல்லர் அண்ணன் தம்பி ரெண்டு பேரு 1957ல ஒரு வான்கோழிப் பண்ணைக்காரருக்கு கொட்டாய்க்குள்ள எரு அள்ளறதுக்கு செஞ்சு குடுத்ததுதான் இதோட மொத உருவம். அதுக்கு மூணு சக்கரம்தான், பின்னால ஒத்தைச் சக்கரம். கொட்டாய்க்குள்ள நல்லா ஓடுச்சு, வெளிய கரடுமுரடான மண்ணுல புடிப்பு பத்தலன்னு சொல்லி 1960ல நாலு சக்கரத்துக்கும் டிரைவ் குடுத்து எம்-400ன்னு ஒண்ணு வந்துச்சு. நாம இப்ப ஓட்டறது எல்லாம் அதோட வாரிசுதான். புடிப்புங்கறது இந்த வண்டிக்கு ஆரம்பத்துல இருந்தே இருக்கற கேள்வி.

அதனால ஓட்டறவங்களுக்கு நான் சொல்ற மொத விஷயம், ஈரத்துல நின்ன எடத்துல வட்டம் அடிக்கறதை விட்டுடுங்க. முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம்னு ரெண்டு மூணு தடவையா, அகலமா வளைச்சு திருப்புங்க. நேரம் கூடுதலா ஆகும்தான், ஆனா களம் பொழச்சுக்கும். முடிஞ்சா நேரா உள்ள போயி நேரா ரிவர்ஸ்ல வந்து கெட்டியான எடத்துல மட்டும் திருப்பற மாதிரி ரூட்டையே மாத்திக்கோங்க. தெனமும் ஒரே தடத்துல போகாம நல்ல எடம் இருந்தா ஒரு சக்கரம் தள்ளிப் போங்க.

அடுத்தது எடை. பக்கெட் காலியா இருந்தா வண்டி எடையில கிட்டத்தட்ட எழுபது சதவீதம் பின் சக்கரத்து மேல நிக்கும், லோடு ஏத்தினா அப்படியே மாறி முன்னால வந்துடும். எந்தப் பக்கம் எடை இருக்கோ அந்தப் பக்கம்தான் புடிக்கும், எடை இல்லாத பக்கம் சறுக்கிட்டு வரும். மேட்டுல ஏறும்போது கனமான பக்கம் மேல இருக்கணும்னு சொல்றது இதனாலதான், காலி வண்டின்னா ரிவர்ஸ்ல ஏறணும், லோடுன்னா நேரா ஏறணும். பக்கெட் எப்பவும் தரையை ஒட்டி. சாணி வழிக்கும்போது நெறைய பேரு பக்கெட்டை தரையில அமுக்கிப் புடிச்சுத் தள்ளறாங்க, அமுக்க அமுக்க முன் சக்கரம் லேசாகி மண்ணை விட்டுடும், அப்பறம் பின் சக்கரம் மட்டும் கெடந்து தவிக்கும். ஃப்ளோட்ல, அதாவது பக்கெட்டை அமுக்காம ஃப்ரீயா விடற நிலையில, போட்டு விடுங்க, பக்கெட் தன் எடையில தரையோட ஏத்த எறக்கத்துக்கு தானா போகும், நாலு சக்கரமும் மண்ணுல நிக்கும். இது ஒண்ணை மாத்தினதுமே வித்தியாசம் தெரியும், அஞ்சு பைசா செலவில்ல.

இப்போ மண்ணுக்கு வருவோம், எனக்கு இதுலதான் ஆதங்கமே. பல்லடம், உடுமலை பக்கம் கரிசல் இருக்கற எடத்துல மழைத் தண்ணி பட்டா மண்ணு உப்பும், அந்தக் களிமண்ணோட கொணமே அது, தண்ணியைக் குடிச்சு வீங்கறது. டயர் பட்டன் (மேல துருத்திட்டு இருக்கற ரப்பர் கட்டை) இடுக்குல அந்த மண்ணு ஒட்டிக்கிட்டு வெளிய வராது, கொஞ்ச நேரத்துல பட்டனே காணாமப் போயி டயரு வழுவழுன்னு ஆயிடும். செம்மண்ணு அப்படி இல்ல, மேல வழுக்கினாலும் நாலஞ்சு அங்குலத்துக்கு கீழ பெரும்பாலும் கெட்டித் தரை இருக்கும். அதனால செம்மண்ணுக்காரர் சொன்ன டயரை கரிசல்காரர் வாங்கினா ஏமாந்துதான் போவாரு. கெட்டித் தரை கீழ இருக்குன்னா கொஞ்சம் ஒல்லியான டயரு, 10-16.5 சைஸ், சேத்தை அறுத்துட்டுப் போயி அடியில புடிச்சுக்கும். ஆழத்துக்கும் களியா இருந்தா 12-16.5 மாதிரி அகலமானதுதான் மேல மெதக்கும்.

எதுவா இருந்தாலும் பட்டன் ஆழமா, இடைவெளி அகலமா இருக்கணும், அப்பத்தான் சுத்தும்போது சேறு தெறிச்சு வெளிய போகும். பாதி தேஞ்ச டயரு வெய்யக் காலத்துக்கு ஆகும், மழைக்கு ஆகாது. பஞ்சர் தொல்லைக்காக சாலிட் டயர் போடறவங்க இருக்காங்க, ஆணி கம்பி கெடக்கற எடத்துக்கு அது சரி, சேத்துல அது அமுங்கிக் குடுக்காது, எடையும் அதிகம். காத்தை எறக்கினா புடிக்கும்ங்கறது ஓரளவுக்கு உண்மைதான், ஆனா இந்த வண்டி பக்கவாட்டுல இழுக்கற வேகத்துக்கு ரொம்ப எறக்கினா டயரு ரிம்மை விட்டு கழண்டுடும், அதனால மேனுவல்ல குடுத்திருக்கற குறைஞ்ச அளவுக்கு கீழ போகவே போகாதீங்க. ஒரே பக்கத்துல ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னும் போடாதீங்க, ரெண்டும் செயின்ல கட்டின சக்கரம், உயரம் மாறினா ஒண்ணை ஒண்ணு இழுத்து செயின்தான் அடி வாங்கும்.

டயருக்கு மேல மாட்டற இரும்பு டிராக் ஒண்ணு வருது, புல்டோசருக்கு இருக்கற மாதிரி சங்கிலிப் பட்டை. கரிசல்ல மழைக் காலம் பூரா வேலை இருக்குன்னா அது நல்ல செலவுதான். வாங்கறதுக்கு முன்னாடி டயருக்கும் வண்டி பாடிக்கும் நடுவுல எடம் இருக்கான்னு அளந்து பாருங்க, பத்தலன்னா சக்கரத்தை வெளிய தள்ளி வெக்கற ஸ்பேசர் போடணும். சிமெண்ட் தரையில அதோட ஏறினா தரை காலி, அதையும் கணக்குல எடுத்துக்கோங்க. புதுசா வண்டியே வாங்கப் போறீங்கன்னா ரப்பர் டிராக் வண்டியைப் பாருங்க, சக்கர வண்டி தரையில முப்பது பிஎஸ்ஐக்கு (ஒரு சதுர அங்குலத்துல எத்தனை பவுண்டு அமுக்குதுங்கற கணக்கு) மேல அமுக்கற எடத்துல அது அஞ்சு பிஎஸ்ஐ பக்கத்துலதான் அமுக்கும். வெலையும் பராமரிப்பும் ஜாஸ்தி, சின்னப் பண்ணைக்கு கட்டாது.

ஆனா இத்தனை செலவு பண்றதுக்கு முன்னாடி மாட்டுச் சாளைக்கு பின்னால போயி தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாருங்க. கூரைத் தண்ணி நேரா வண்டித் தடத்துல விழுகும், தண்ணித் தொட்டி வழிஞ்சு அங்கயே நிக்கும், மாடு அதுலயே மிதிச்சுட்டு நிக்கும். கூரைக்கு ஒரு தகரக் காவா மாட்டி தண்ணியை திருப்பி விட்டாலே பாதி சேறு கொறையும். அப்பறம் சேத்து மேலயே கிராவல் கொட்டறதை நிறுத்துங்க, எத்தனை லோடு கொட்டினாலும் அது உள்ள போயிடும். மொதல்ல சேத்தை கெட்டித் தரை வர்ற வரைக்கும் வழிச்சு எடுக்கணும், மண்ணும் கல்லும் கலக்காம இருக்க ரோட்டு வேலைக்கு விரிக்கற ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரிக்கணும், அது மேல 40 எம்எம் ஜல்லி, அதுக்கு மேல கிரஷர் டஸ்ட், தண்ணி தெளிச்சு ரோலர். பத்தடிக்கு ரெண்டு அங்குலம் வாட்டம் குடுங்க. வண்டி திரும்பற எடம் மட்டும் சிமெண்ட் போட்டுடுங்க, சின்ன எடம்தான். அங்க மாடு நடக்கும்னா கோடு போட்டு வுடச் சொல்லுங்க, இல்லாட்டி மாடு வழுக்கி விழுந்து இடுப்பு போயிடும்.

அப்படியும் மாட்டிக்கிச்சுன்னா மொதல்ல சக்கரத்தை சுத்தறதை நிறுத்துங்க, சுத்தச் சுத்த எறங்கும். பக்கெட்டை கீழ திருப்பி தரையில ஊனினா முன்பக்கம் மேல வரும், எறங்கி ஓடிப்போயி சக்கரத்துக்கு அடியில கையை விடாதீங்க, பக்கெட்டை நம்பி நிக்கற வண்டி எப்ப வேணா எறங்கும். தென்னை மட்டையோ கல்லோ வெளிய நிக்கறவங்க தூரத்துல இருந்து கம்புல தள்ளி விடட்டும், வந்த தடத்துலயே மெதுவா ரிவர்ஸ் எடுங்க. டிராக்டர் கட்டி இழுக்கறதா இருந்தா வண்டியில அதுக்குன்னு குடுத்திருக்கற கொக்கியில மட்டும் கட்டுங்க, பக்கெட்லயோ அதைத் தூக்கற இரும்புக் கையிலயோ வேண்டாம். இன்ஜின் ஆஃப் ஆகியிருந்தா பிரேக் புடிச்சுட்டுத்தான் நிக்கும், அதோட இழுத்தா மோட்டாருக்குக் கேடு. கயிறு இழுபட ஆரம்பிச்சதும் யாரும் பக்கத்துல நிக்கக் கூடாது, வேடிக்கை பாக்க வர்ற பசங்களை மொதல்ல வீட்டுக்குள்ள அனுப்பிடுங்க.