தனுஷ்கோடி ஸ்டேஷனும் அப்பாயியின் போட் மெயிலும்

தனுஷ்கோடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லோரும் இடிந்த மாதா கோயில் பக்கம் போனார்கள். நான் ஸ்டேஷனைத் தேடிப் போனேன். ஸ்டேஷன் என்றால் இன்றைக்கு நாலு சுவர்கூட இல்லை. மணலில் நிற்கும் சில வளைவுகள், காரை உதிர்ந்த தூண்கள், அவ்வளவுதான். ஒரு தூணைத் தொட்டேன், விரலோடு சுண்ணாம்பு வந்தது. அதில் அரிசி அளவுக்குச் சிப்பித் துண்டுகள்.

என் அப்பாயியின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், அய்யா இந்த வழியாகத்தான் இலங்கையின் தேயிலை மலைகளுக்கு, அந்தக் காலப் பேச்சில் கண்டிச் சீமைக்கு, போனார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிப் போன ஆட்களில் ஒருவர். மண்டபம் கேம்ப்பில் சில நாள் அடைத்து வைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்து, அப்புறம்தான் கப்பலுக்கு விடுவார்களாம். அந்த ஊர் ஸ்டேஷனுக்கு இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்றுதான் பெயர்.

1914-க்கு முன்பு கப்பலோடு இணைந்த போட் மெயில் ரயில் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தது, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். அந்த ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் கடலைத் தாண்டித் தனுஷ்கோடி வரை வந்தது. அதன் பிறகு சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். மீட்டர்கேஜ் ரயில் துறைமுகத்தில் கொண்டுவந்து விடும், ஸ்டீமர் தலைமன்னாருக்குக் கொண்டு சேர்க்கும், அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். இந்த மணல்மேட்டில் சுங்கம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. சுற்றுலா வண்டிக்காரர்கள் இதைப் 'பேய் நகரம்' என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. இது வேறொரு நாட்டுக்கு வாசலாக இருந்த ஊர்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஸ்டேஷனை எட்டும் முன்பே கடல் அதை வாரிக்கொண்டு போனது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் நிமிர்த்திவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஊர் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்தாகிவிட்டது. 2019-இல் புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயில் இன்னும் வரவில்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. புயலுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள், அக்டோபர் 30 அன்றுதான் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவு. போன வாசல் வழியாகவே திரும்ப வேண்டிய நேரத்தில் அந்த வாசலே இல்லாமல் போனது. எழுபதுகளில் திரும்பி வந்த என் அப்பாயி, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். தன் அய்யா கதை கதையாகச் சொன்ன தனுஷ்கோடியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மீனவ அக்கா மணலில் தோண்டிய குழியிலிருந்து கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். "குடிச்சுப் பாருங்க தம்பி." உப்பே இல்லை. இரண்டு பக்கமும் கடல், கூப்பிடு தூரத்தில் அலை மோதும் ஆண் கடலும் அமைதியான பெண் கடலும், நடுவில் நல்ல தண்ணீர்.

நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போய் கோத்தகிரியில் இருக்கும் அப்பாயிக்குப் போன் போட்டேன்.

"தலைமன்னாரு தெரியுதாய்யா?"

"இல்ல அப்பாயி. வெறும் கடல்தான் தெரியுது."

"பகல்ல தெரியாது. ராத்திரியில அந்தக் கரை வெளிச்சம் தெரியும்னு எங்கய்யா சொல்லுவாரு. இருந்து பாத்துட்டு வா."

சரி என்றேன். இருட்டுவதற்குள் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வண்டியில் ஏறச் சொல்லிவிட்டார்.