போனில் சொல்லிப் பாருங்கள்

கையால் தைத்த குறிப்பேடுகள் செய்து விற்பது என் தொழில். தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. அதில் முதல் மூன்று வருடம், என் இணையதள முகவரியை ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது போனில் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயர் இப்போது என்னிடம் இல்லை, அதனால் இங்கே எழுதவில்லை. அதில் ஒரு ழகரமும் ஓர் ஊகாரமும் இருந்தன என்று மட்டும் சொன்னால் போதும், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தவர்களுக்கு மீதி புரிந்துவிடும்.

"இஸட், எச்."
"ஜீயா?"
"இல்லைங்க, இஸட். ஜீப்ராவுக்கு வருமே, அது."
"சரி, ஜே."

இப்படித்தான் போகும். அப்புறம் ஊகாரத்துக்கு வருவோம். 'இரண்டு ஓ' என்று நான் சொல்ல, எதிர்முனையில் ஒரு 'யு' போட்டிருப்பார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. தன் பெயரில் ஊகாரம் உள்ளவர் அதைத் தன் வழக்கப்படிதான் எழுதுவார். 'தமிழ்' என்ற சொல்லையே ஒருவர் 'டி'யில் தொடங்கி 'எல்'லில் முடிக்கிறார், இன்னொருவர் 'டி எச்'சில் தொடங்கி 'இஸட் எச்'சில் முடிக்கிறார். இரண்டும் சரிதான். ஆனால் டொமைன், அதாவது இணையதளப் பெயர் என்று வந்துவிட்டால் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஆளுடைய வீடு.

அது எனக்கு உறைத்தது ஒரு மெயிலால். ஒரு பயிற்சி வகுப்புக்காக 40 குறிப்பேடுகள் கேட்டிருந்தவர், அட்டையில் அச்சிட வேண்டிய படத்தை எனக்கு அனுப்பினார். 'இஸட் எச்' இருக்க வேண்டிய இடத்தில் 'எல்' அடித்திருக்கிறார். அந்தப் பெயரிலும் வேறு யாரோ ஒருவர் தளம் வைத்திருந்ததால் மெயில் திரும்பி வரவில்லை. பத்து நாள் கழித்து அழைத்து, "பதில்கூட போடலையே" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது. வகுப்பு அதற்குள் தொடங்கியிருந்தது. பெயரை மாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

பெயர் தேடும்போது நாம் அதைத் திரையில் எழுதிப் பார்க்கிறோம். அங்கே எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெயர் காது வழியாகத்தான் பரவுகிறது. 1994-ல் ஜெஃப் பெசோஸ் தன் நிறுவனத்துக்கு முதலில் வைத்த பெயர் 'கடாப்ரா'. அவருடைய வழக்கறிஞர் காதில் அது 'கடாவர்', அதாவது பிணம் என்று விழுந்தது. பெயரை மாற்றினார்கள், அமேசான் வந்தது. ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்க இணைய விற்பனை நிறுவனம் 2011-ல் தன்னை 'ஓ டாட் கோ' என்று சுருக்கிக்கொண்டு பெரிதாக விளம்பரம் செய்தது. பார்த்தவர்களில் நிறையப் பேர் பழக்கத்தில் 'ஓ டாட் காம்' என்று அடித்தார்கள். அப்படி ஒரு தளமே கிடையாது, ஓரெழுத்து டாட் காம் பெயர்களை மிகச் சில தவிர யாருக்கும் கொடுப்பதில்லை. கொஞ்ச நாளில் பழைய பெயருக்கே திரும்பினார்கள். இதைப் படித்த பிறகு நானும் டாட் காம் அல்லாத எதையும் தேடவில்லை. டாட் கோ போல வேறு வால் வைத்தால் நல்ல பெயர்கள் காலியாக இருப்பது உண்மைதான், ஆனால் கேட்பவர் விரல் டாட் காமுக்குத்தான் போகிறது.

ஒரு நோட்டு நிறையச் சொற்கள் எழுதினேன். 'நதி' எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 'டி'யா, 'டி எச்'சா என்று ஆளுக்கு ஒரு விதம். அடித்துவிட்டேன். 'கடல்' என்று எழுதினால் சிலர் 'காதல்' என்று படித்தார்கள். 'வனம்', 'வானம்' இரண்டும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகவே நின்றன. 'மலர்', 'மரம்', 'அலை', 'கவி' போன்றவைதான் தப்பித்தன. யாரிடம் சொன்னாலும் ஒரே மாதிரி அடித்தார்கள்.

தனிச் சொற்கள் பெரும்பாலும் முன்பே போய்விட்டவை, எனவே இரண்டு சொல் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கே இன்னொரு சிக்கல், ஒற்று. கலையையும் கூடத்தையும் சேர்த்தால் நம் வாய் 'கலைக்கூடம்' என்று தானாக ஒரு 'க்' போட்டுக்கொள்ளும். அடிக்கும்போது ஒரு 'கே'யா இரண்டா? கூடவே அந்த ஊகாரம் மறுபடி வந்து நிற்கும். அதனால் வல்லினத்தில் தொடங்கும் சொல்லை இரண்டாவதாக வைக்கவே கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். முதல் சொல் முடியும் எழுத்திலேயே அடுத்த சொல் தொடங்கினாலும் ஓர் எழுத்து காணாமல் போகும், அதையும் தவிர்த்தேன். நடுக்கோடு, எண் இரண்டும் வேண்டாம். 63 எழுத்து வரை வைக்கலாம் என்கிறது விதி. என் கணக்கில் பன்னிரண்டுக்கு மேல் போனால் அடிப்பவர் எங்கேயாவது தடுக்குகிறார்.

கடைசியில் மூன்று பெயர் மிஞ்சியது. ஐந்து பேருக்கு போன் செய்து மூன்றையும் ஒரே ஒரு தடவை சொன்னேன். எழுதிக்கொள்ள வேண்டாம் என்றேன். மறுநாள் வாட்ஸப்பில் அடித்து அனுப்பச் சொன்னேன். ஒரு பெயரை ஐந்து பேரும் சரியாக அனுப்பியிருந்தார்கள். அது எனக்கு இரண்டாவதாகப் பிடித்த பெயர். அதையே எடுத்தேன்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. வாங்கியும் வைத்திருக்கிறேன். தமிழில் அடித்தால் என் தளம் திறப்பதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. உள்ளே அது 'எக்ஸ் என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித்தான் போகிறது, சில இடங்களில் ஒட்டினால் அந்தக் கோவையே தெரியும். மெயிலுக்கு இன்னும் எல்லா இடத்திலும் ஏற்கப்படுவதில்லை. அதனால் அது துணைக்கு, ஆங்கில எழுத்துப் பெயர் வேலைக்கு.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பழைய பெயரை, தளம் செய்து கொடுத்தவர் தன் கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவருக்குப் போகும், அவர் பார்த்தால் உண்டு. டொமைன் யாருக்கும் சொந்தமாவதில்லை. டாட் காமை அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் பதிவு செய்ய முடியும். 1999-ல் மைக்ரோசாஃப்டே, ஹாட்மெயிலில் நுழையப் பயன்பட்ட 'பாஸ்போர்ட் டாட் காம்' பெயரைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலில் பலரால் நுழைய முடியாமல் போனது. நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கார்டில் பணம் கட்டினார். உங்கள் பெயர் உங்கள் கணக்கில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். அந்த மெயில் அதே டொமைனில் இருக்க வேண்டாம். பெயர் காலாவதியானால் அந்த மெயிலும் கூடவே நின்றுவிடும்.

போன வாரம் ஒருவர் அழைத்தார், புது ஆள். பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்ட வாயெடுப்பதற்குள், "ம், வந்துருச்சு" என்றார். "இந்த மூணாவது படத்துல இருக்கிற நூல் நீலமா, கறுப்பா?"

"நீலம்தாங்க. மெழுகு பூசின நூல்" என்றேன்.