சலினாஸிலிருந்து வீட்பேட்ச் வரை: ஜான் ஸ்டைன்பெக்கின் 1936-ஐத் தேடிப் போகும் வழி

கலிபோர்னியாவில் அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டைன்பெக்கைத் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் மான்டரே கடற்கரையில் ஒரு மதியத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவரை எழுத்தாளராக்கிய காலத்தைப் பார்க்க அது போதாது. 1936-லிருந்து 1939 வரையிலான மூன்று ஆண்டுகளில்தான் அவருடைய வாழ்க்கையும் அமெரிக்காவின் பொருளாதாரப் பெருமந்தக் காலமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அந்த ஆண்டுகளின் தடம் சலினாஸில் தொடங்கி, தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, கெர்ன் கவுண்டியின் வீட்பேட்ச் என்ற சிற்றூரில் முடிகிறது. கார் இல்லாமல் இதை முழுவதும் பார்க்க முடியாது. இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 101-ஆம் நெடுஞ்சாலையில் சலினாஸ் சுமார் 160 கி.மீ. ரயிலில் வருவதானால் ஆம்ட்ராக்கின் கோஸ்ட் ஸ்டார்லைட் நாளுக்கு ஒன்றுதான், அதுவும் அடிக்கடி தாமதமாகும். நிலையத்திலிருந்து மெயின் ஸ்ட்ரீட் 1-ஆம் எண்ணில் இருக்கும் நேஷனல் ஸ்டைன்பெக் சென்டருக்கு நடந்தே போகலாம். அங்கே தவறவிடக் கூடாதது 'ரோசினாண்டே': 1960-இல் சார்லி என்ற நாயோடு அவர் அமெரிக்காவைச் சுற்றிவந்த, முதுகில் சிறு அறை பொருத்திய பச்சை நிற ஜிஎம்சி வண்டி. திறக்கும் நாட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் முந்தைய நாளே இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

சென்ட்ரல் அவென்யூ 132-ஆம் எண் வீட்டில் 1902 பிப்ரவரி 27 அன்று அவர் பிறந்தார். அந்த வீட்டின் தரைத்தளத்தில் இப்போது தன்னார்வலர்கள் உணவகம் நடத்துகிறார்கள். மதியச் சாப்பாடு மட்டும்தான், அதுவும் எல்லா நாளும் கிடையாது. முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைப்பது கடினம். தந்தை மான்டரே கவுண்டியின் கருவூல அதிகாரி, தாய் பள்ளி ஆசிரியை. அதாவது ஊரில் மதிப்பான குடும்பம். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான், ஊரின் பெரிய மனிதர்களுக்கு எதிராக அவர் எழுதியதை ஊர் ஏன் துரோகமாகப் பார்த்தது என்பது விளங்கும்.

1936 செப்டம்பரில் சலினாஸில் லெட்டூஸ் பொதி கட்டும் கொட்டகைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விளைவிப்போரும் ஏற்றுமதியாளர்களும் ஒரு ரிசர்வ் ராணுவ அதிகாரியைக் கொண்டுவந்து ஊரை அவர் பொறுப்பில் விட்டார்கள். ஷெரிப் ஊர்க்காரர்களைத் திரட்டிக் கையில் தடி கொடுத்தார், வீதிகளில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. நவம்பருக்குள் போராட்டம் உடைந்தது. இதைப் பகடி செய்து ஒரு முழு நாவல் எழுதிய ஸ்டைன்பெக், அது வெறுப்பில் பிறந்தது என்று உணர்ந்து 1938-இல் தானே அதை அழித்தார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அடுத்து அவர் எழுத உட்கார்ந்த நாவல்தான் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'.

இந்த ஊரில் இன்னும் இரண்டு இடங்களை வெளியிலிருந்தாவது பாருங்கள். ஒன்று, வடக்கு மெயின் ஸ்ட்ரீட்டில் உள்ள ரோடியோ மைதானம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரல் முதல் ஜூலை வரை, சுமார் 3,600 ஜப்பானிய அமெரிக்கர்களை இங்கே அடைத்துவைத்து, பிறகு அரிசோனா பாலைவனத்தில் இருந்த போஸ்டன் (Poston) முகாமுக்கு அனுப்பினார்கள். நினைவுத் தோட்டம் ஒன்று இருக்கிறது. மற்றொன்று, மேற்கு அலிசால் ஸ்ட்ரீட்டின் பழைய கவுண்டிச் சிறை. லெட்டூஸ் புறக்கணிப்பைக் கைவிடச் சொன்ன நீதிமன்ற ஆணையை மறுத்த விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் சேசர் சாவேஸ் 1970 டிசம்பரில் இங்கே இருபது நாள் இருந்தார். ஸ்டைன்பெக் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள். 1936-இல் தோற்ற அதே பயிர், அதே ஊர், அதே வழக்கு. ஊருக்கு வெளியே இப்போதும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை குனிந்து அறுக்கும் வரிசைகளைப் பார்க்கலாம். வயலுக்குள் இறங்காதீர்கள்: பூச்சிமருந்து, உணவுப் பாதுகாப்பு விதிகள் இரண்டும் காரணம். பொதுச் சாலையோரத்தில் நின்று பார்ப்பதே சரி.

அவருடைய சாம்பல் அபட் ஸ்ட்ரீட்டில் உள்ள கார்டன் ஆஃப் மெமரீஸ் கல்லறையில், தாய்வழி ஹாமில்டன் குடும்ப இடத்தில் இருக்கிறது. கல் சிறியது, எளிதில் தட்டுப்படாது. வழிகாட்டிப் பலகையைத் தொடர்ந்து போங்கள்.

மான்டரேக்கு 68-ஆம் சாலையில் 30 கி.மீ. கேனரி ரோ என்ற தெருவுக்கு அந்தப் பெயர் 1958-இல்தான் வந்தது, அதற்கு முன் ஓஷன் வியூ அவென்யூ. அதே பெயரில் ஸ்டைன்பெக் எழுதிய நாவல் வந்த 1945-இல் இங்கே போருக்கான டப்பா மீன் இரவும் பகலும் அடைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரே பருவத்தில் 2 லட்சம் டன்னுக்கு மேல் மத்தி மீன் பிடித்தார்கள். கடலின் போக்கு மாறியதும் அளவில்லாமல் அள்ளியதும் சேர்ந்து, 1940-கள் முடிவதற்குள் மீன் அற்றுப்போனது. கடைசி ஆலை 1973-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 1984 முதல் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் நடக்கிறது. 800-ஆம் எண்ணில் இருக்கும் மரக் கட்டடம்தான் கடலுயிரியலாளர் எட் ரிக்கெட்ஸின் ஆய்வுக்கூடம். 1936 நவம்பரில் பக்கத்து ஆலையில் பிடித்த தீயில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டது. நகராட்சிக்குச் சொந்தமான அது குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே திறக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 1948 மே மாதம் ரிக்கெட்ஸின் காரை ரயில் மோதிய சந்திப்பில், டிரேக், வேவ் தெருக்கள் சேரும் இடத்தில் அவருடைய மார்பளவுச் சிலை உண்டு. அந்தத் தண்டவாளப் பாதைதான் இன்று எல்லோரும் சைக்கிள் ஓட்டும் கடலோரப் பாதை.

இனி தெற்கே. புறப்படும் முன் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்க வரும் ஜோட் குடும்பம் புழுதிப் புயலால் விரட்டப்பட்டது என்று பலரும் நம்புகிறார்கள். கருங்கிணறாக வானம் இருண்ட 'கறுப்பு ஞாயிறு', 1935 ஏப்ரல் 14, ஓக்லஹோமாவின் மேற்குக் கோடியைத் தாக்கியது. நாவல் வெளியானதும் ஓர் ஏப்ரல் 14-தான், 1939-இல். ஆனால் ஜோட்களின் ஊரான சலிசா கிழக்கு ஓக்லஹோமாவில், ஆர்கன்சா எல்லைக்கு அருகில் இருக்கிறது. அங்கே விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதவர்களை வெளியேற்றியது வறட்சி மட்டுமல்ல. பருத்தி விலை விழுந்தது. 1933 முதல் சாகுபடிப் பரப்பைக் குறைக்க அரசு தந்த பணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரர் கைக்கே போனது. அந்தப் பணத்தில் பலர் டிராக்டர் வாங்கினார்கள், டிராக்டர் வந்ததும் உழுகுடிகள் வேண்டாதவர்களானார்கள். நாவலில் வீட்டை இடித்துத் தள்ளுவது டிராக்டர்தான்.

101-இல் பாஸோ ரோப்லஸ் வரை வந்து 46-ஆம் சாலையில் கிழக்கே திரும்புங்கள். பெட்ரோலை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், லாஸ்ட் ஹில்ஸ் வரை வெறும் மேடும் புல்வெளியும்தான். வழியில் சோலாம். ஸ்டைன்பெக் நாவலைத் தழுவிய 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' படத்தில் கேல் டிராஸ்க்காக நடித்த ஜேம்ஸ் டீன், சலினாஸில் நடக்கவிருந்த கார் பந்தயத்துக்குப் போகும்போது, 1955 செப்டம்பர் 30 அன்று இதற்கு அருகில்தான் இறந்தார். விபத்துகள் அதிகம் நடந்த சாலை, எதிர்வரிசைக்கு ஏறி முந்தாதீர்கள். கோடையில் மான்டரேயில் ஸ்வெட்டர் தேவைப்படும், அதே நாளில் இந்தப் பக்கம் 40 டிகிரி அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் சான் வாகீன் பள்ளத்தாக்கில் தரையோடு படியும் டூலி மூடுபனி இன்னும் ஆபத்து: சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. காலை பத்து மணிக்கு முன் கிளம்ப வேண்டாம்.

வீட்பேட்சுக்கு வெளியே, சன்செட் சாலையில் இருக்கிறது ஆர்வின் கூட்டாட்சி முகாம்: பிழைப்புத் தேடி வந்த விவசாயத் தொழிலாளர்களுக்காக அமெரிக்க அரசு அமைத்தது. 1936-இல் 'சான்பிரான்சிஸ்கோ நியூஸ்' நாளிதழுக்காக ஸ்டைன்பெக் பழைய பேக்கரி வண்டி ஒன்றில் இங்கே வந்தார். அக்டோபரில் ஏழு கட்டுரைகள் வந்தன. முகாம் மேலாளர் டாம் காலின்ஸ் தன் மேலிடத்துக்கு அனுப்பிவந்த அறிக்கைகளில், வந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பேசினார்கள், எதற்குச் சண்டையிட்டார்கள் என்பதெல்லாம் இருந்தன. அவற்றை அவர் ஸ்டைன்பெக்கிடம் கொடுத்தார். நாவலின் சமர்ப்பணத்தில் வரும் டாம் இவர்தான். கழிவறையும் குளியலறையும், குடியிருப்போரே தேர்ந்தெடுத்த குழுக்களும், சனிக்கிழமை நடனமும் நாவலில் அப்படியே இருக்கின்றன. சமுதாயக் கூடம், நூலகம், அஞ்சலகம் ஆகிய மூன்று பழைய மரக் கட்டடங்கள் எஞ்சியிருக்கின்றன. சுற்றியுள்ள வீடுகளில் இப்போதும் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கின்றன. அது அவர்களுடைய வீடு, அனுமதி கேட்காமல் வேலிக்குள் போவதோ படமெடுப்பதோ கூடாது. முகாமை ஒட்டி இருக்கும் பள்ளி, லியோ ஹார்ட் என்ற கல்வி அதிகாரி 1940-இல் தொடங்கியது. ஊர்ப்பள்ளிகள் 'ஓக்கி' (ஓக்லஹோமா பக்கமிருந்து வந்தவர்களை இழிவாகச் சொல்லும் பெயர்) பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கியதால், ஆசிரியர்களும் பிள்ளைகளும் சேர்ந்து கட்டினார்கள். நீச்சல்குளத்தையும் அவர்களே தோண்டினார்கள்.

பேக்கர்ஸ்ஃபீல்டு இங்கிருந்து அரைமணி நேரம். 1939 ஆகஸ்டில் கெர்ன் கவுண்டி வாரியம் 4-க்கு 1 என்ற வாக்கில் நாவலைப் பொது நூலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் விலக்கியது. நூலகர் கிரெச்சன் நீஃப் எழுத்துமூலம் எதிர்த்தார், ஆனாலும் தடை 1941 வரை நீடித்தது. நாவல் 1940-இல் புலிட்சர் பரிசு பெற்றபோது, கதை நடந்த கவுண்டியின் நூலகத்தில் அது கிடையாது. இரவு பேக்கர்ஸ்ஃபீல்டிலேயே தங்கி, திரும்பும்போது 99-ஆம் சாலையில் வடக்கே வைசாலியா வழியாகப் போங்கள். 1938 தொடக்கத்தில் வெள்ளத்தில் சிக்கிப் பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு ஸ்டைன்பெக்கும் காலின்ஸும் உதவப் போன இடம் அது. நாவலின் கடைசி அத்தியாயங்களின் மழையும் வெள்ளமும் அங்கிருந்து வந்தவை. அவற்றை அங்கே போய்ச் சேரும் முன் படித்துவிடுங்கள்.